மூன்று காருக்கு ஒரு காலி இடம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

2021 மே கடைசி வாரம். கொரோனா இரண்டாம் அலை தமிழ்நாட்டை உலுக்கிக்கொண்டிருந்தது. கடைகள் அடைந்து கிடந்தன, பஸ் ஓடவில்லை. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையின் அசெம்பிளி லைன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தொழிலாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. ஒரு காரில் வேலை முடிவதற்குள் அடுத்த கார் வந்து நிற்கிறது, ஆளோடு ஆள் உரச வேண்டியிருக்கிறது, மூன்று காருக்கு ஒரு இடத்தைக் காலியாக விட்டால்தான் இடைவெளி கிடைக்கும் என்பது அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. மே 26 முதல் 30 வரை ஆலை மூடப்பட்டது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயிலும் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்துவிட, அங்கே மே 25 முதல் ஐந்து நாள் மூடல். தொழிலகப் பாதுகாப்பு அதிகாரியை ஆலைக்கு நேரில் போய்ப் பார்த்துவரும்படி நீதிமன்றம் சொன்னது.

ஓடும் லைனில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை உயர் நீதிமன்றம் வரை கொண்டுபோக முடிந்தது நல்லதுதான். கேட்க ஒரு சங்கம் இருந்தது, பதில் சொல்ல ஒரு நிர்வாகம் இருந்தது. ஆனால் அந்த லைனில் நின்றவர்களில் சிலருக்கு இன்னொரு கேட்டும் உண்டு. தாம்பரம், படப்பை, மறைமலைநகர் பக்கத்தில் ஏதோ ஒரு முதியோர் இல்லத்தின் கேட். உள்ளே டிமென்ஷியா என்கிற மறதி நோயோடு அம்மாவோ அப்பாவோ இருப்பார். ‘பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை’ என்ற அட்டை 2020 மார்ச்சில் அந்தக் கேட்டில் ஏறியது. அதை இறக்குவதற்கு யாரும் நீதிமன்றம் போகவில்லை.

ஆலைக்குள் ஆள் போவதற்கு வழி தேடினார்கள், கண்டுபிடித்தார்கள், அதில் குறை இருந்தபோது சண்டை போட்டுத் திருத்தினார்கள். முதியோர் இல்லத்துக்குள் மகள் போவதற்கு வழி இருக்கிறதா என்று யாரும் தேடியதாகத் தெரியவில்லை. தொழிலாளி இல்லாமல் கார் உருவாகாது என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது. மகள் இல்லாமல் அம்மாவின் பராமரிப்பு நடக்காது என்பது தெரிந்திருக்கவில்லை. இந்தச் சொற்பொழிவு பேச வந்தது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. அதற்குப் பின் வந்தது, மாவட்டம் விட்டு மாவட்டம் போவதற்கான இ-பாஸ். ஒன்றாக இருந்த காஞ்சிபுரம் மாவட்டம் அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 2019 நவம்பரில், இரண்டாகப் பிரிந்து செங்கல்பட்டு தனியாகப் போயிருந்தது. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது, ஆனால் நடுவில் ஒரு மாவட்ட எல்லை முளைத்திருந்தது. மண்டலங்கள் மாறின, விதிகள் மாறின, இந்த வாரம் பாஸ் வேண்டாம் என்றார்கள், அடுத்த வாரம் வேண்டும் என்றார்கள். ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் அதையொட்டிய திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும் மறுபடி முழு ஊரடங்கு. பாஸ் விண்ணப்பத்தில் காரணம் கேட்டார்கள்: திருமணம், நெருங்கிய உறவினர் இறப்பு, மருத்துவ அவசரம். அம்மாவுக்கு ஒரு வேளை சோறு ஊட்டிவிட்டு வர வேண்டும் என்பதற்கு அதில் கட்டம் இல்லை. அம்மா இறந்தால் பாஸ் உண்டு, இறக்காமல் பார்த்துக்கொள்ளப் போக வேண்டுமென்றால் கிடையாது. ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த எல்லோருக்கும் பாஸ் கொடுத்தார்கள். செப்டம்பர் 1 முதல் மாவட்டங்களுக்கிடையே அது தேவையில்லை என்றானது. பாஸ் போனாலும் முதியோர் இல்லத்துக் கேட் திறக்கவில்லை.

ஆலைகளின் கணக்கு வேறு. 2020 மே தொடக்கத்தில் தளர்வு வந்ததுமே ஹூண்டாயில் கார்கள் வெளியே வரத் தொடங்கின. அந்த மாதக் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் தொற்று பரவி ஆலையை மூட நேர்ந்தது. குறைந்தது 42 பேருக்குத் தொற்று என்று செய்தி வந்தது. கம்பெனி எண்ணிக்கையைச் சொல்லவில்லை. மூடினார்கள், கிருமிநாசினி தெளித்தார்கள், கேன்டீனில் நாற்காலிகளை மாற்றிப் போட்டார்கள், திறந்தார்கள். தொற்று வந்த இடத்தையும் திறந்து நடத்தலாம், அதற்கு முறை இருக்கிறது என்பதை இந்தத் தொழில் வட்டாரம் ஒரே வருஷத்தில் பல தடவை செய்து காட்டியது.

இனி அந்த இல்லத்துக்குள் போவோம். மதியம் பன்னிரண்டரை மணி, சாப்பாட்டு வேளை. மறதி நோய் முற்றியவருக்கு ஒரு வேளை சோறு ஊட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்பது ஊட்டியவர்களுக்குத்தான் தெரியும். வாய்க்குள் போன கவளம் கன்னத்தில் ஒதுங்கி நிற்கும். மெல்ல வேண்டும், விழுங்க வேண்டும் என்பதே மறந்துபோயிருக்கும். அவசரப்பட்டு அடுத்த கரண்டியை நுழைத்தால் புரையேறும், அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. இதற்கெல்லாம் குடும்பத்தார் தட்டுத்தடுமாறிச் சில வித்தைகளைக் கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். காலிக் கரண்டியை உதட்டில் ஒரு தடவை தொட்டால், பழைய கவளம் உள்ளே இறங்கும். தாடைக்குக் கீழே லேசாகத் தடவினால் தொண்டை அசையும். “பஸ் வந்துடுச்சும்மா, சீக்கிரம்” என்றால், முப்பது வருஷம் ஓடிப்போய் பஸ் பிடித்த உடம்பு மடமடவென்று நாலு வாய் வாங்கிக்கொள்ளும். பருப்பு ரசம் என்றால் இறங்கும், மிளகு ரசம் என்றால் துப்பிவிடுவார். சோறு எவர்சில்வர் தட்டில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் தட்டைக் கண்டால் தள்ளிவிடுவார். இப்படி முக்கால் மணி நேரம் ஆகும். எட்டுப் பேருக்கு ஊட்ட வேண்டிய ஆயாவிடம் அந்த முக்கால் மணி நேரம் ஏது?

இதில் எதுவும் கேஸ் ஷீட்டில் இருக்காது. சுகர் எவ்வளவு, பி.பி. எவ்வளவு, இரவு மாத்திரை என்ன என்பது இருக்கும். பஸ் வந்துவிட்டது என்று சொன்னால் அம்மா சாப்பிடுவார் என்பது ஒரே ஒருவரின் தலைக்குள் இருக்கிறது, அவரைத்தான் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

சந்திப்புக்குப் பதிலாக வீடியோ காலைக் கொடுத்தார்கள். நல்லெண்ணத்தோடு செய்ததுதான், மற்றவர்களுக்கு அது பெரிய ஆறுதலும்கூட. மறதி நோய்க்காரருக்கு உள்ளங்கை அகலக் கண்ணாடியில் தெரிவது மகன் என்று புரிய வேண்டுமே. சிலர் போனைத் திருப்பிப் பின்பக்கம் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். சிலர் டிவியில் வருகிற ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள், சிலர் குரல் மட்டும் வரும் மகனைத் தேடி வராந்தாவுக்குப் போனார்கள். அன்று சாயங்காலம் அவர்களைச் சமாளிக்க முடியாமல் ஆயாக்கள் திண்டாடினார்கள். சாயங்காலம் ஆனாலே பதற்றம் கூடுவது இந்த நோயின் இயல்பு; அழைப்பு வந்த நாளில் இன்னும் கூடியது. கூப்பிடுவதா வேண்டாமா என்பதே குடும்பத்தாருக்கு ஒரு கவலையானது.

மாஸ்க் இன்னொரு தொல்லை. முகம் ஏற்கெனவே பாதி மறந்துபோன ஒருவருக்கு, பாதி முகத்தை மூடிக்கொண்டு வருகிற எல்லோரும் அந்நியர்கள்தான். அவருக்கு மாஸ்க் போட்டுவிட்டால் அடுத்த நிமிஷம் கழற்றி மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார். ‘தனிமைப்படுத்தல்’ என்று பதினாலு நாள் ஒரே அறையில் வை என்றால், நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறவரை எப்படி வைப்பது? கதவைப் பூட்ட வேண்டும், இல்லை மயக்க மருந்து கொடுக்க வேண்டும். தொற்று வந்ததைக் கண்டுபிடிப்பதிலும் குடும்பத்துக்கு ஒரு பங்கு இருந்தது. அமெரிக்காவில் 2020இல் அவசர சிகிச்சைக்கு வந்த 817 முதிய கோவிட் நோயாளிகளைப் பார்த்ததில் 28 விழுக்காட்டினருக்குத் திடீர் மனக்குழப்பம் இருந்தது. காய்ச்சலோ மூச்சுத்திணறலோ இல்லாமல் குழப்பம் மட்டும் வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஏற்கெனவே குழப்பத்தில் இருப்பவரிடம் இன்று குழப்பம் கூடியிருக்கிறது என்பதை யார் கண்டுபிடிப்பார்? வாரம் மூன்று தடவை வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

இல்லம் நடத்துகிறவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. அவர்களுக்கு இருந்த பயம் வீண் பயம் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2020 மார்ச் முதல் ஜூன் வரை கோவிட் தொடர்பாக இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மறதி நோய் இருந்தது. இறந்தவர்களிடம் ஏற்கெனவே இருந்த நோய்களில் அதுதான் முதலிடம். நம் ஊரில் இத்தகைய இல்லங்களில் பலவும் வாடகைக்கு எடுத்த வீடுகள். உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே வழி, இரண்டு கட்டிலுக்கு நடுவே ஒரு நாற்காலி போடும் இடம். ஒருவருக்கு வந்தால் இருபது பேருக்கும் வரும். வந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காது, கிடைத்தாலும் மறதி நோய்க்காரரோடு கூட இருக்க ஆளை விட மாட்டார்கள். ஆயாக்களையும் நர்ஸ்களையும் வாரக்கணக்கில் உள்ளேயே தங்கவைத்துச் சமாளித்த இல்லங்கள் உண்டு. அந்தப் பெண்களும் தங்கள் பிள்ளைகளைப் பார்க்காமல்தான் இருந்தார்கள். அதற்கு யாரும் விருது கொடுக்கவில்லை.

ஆனால் மூடுவது ஒரு வழி என்பதற்காக அதுவே ஒரே வழி ஆகிவிடாது. நெதர்லாந்து 2020 மார்ச் 20 அன்று முதியோர் பராமரிப்பு இல்லங்கள் எல்லாவற்றையும் பார்வையாளர்களுக்கு மூடியது. எட்டு வாரத்துக்குள், மே 11 அன்று, 26 இல்லங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு சோதனையைத் தொடங்கியது. உள்ளே இருக்கும் ஒருவருக்கு வெளியிலிருந்து ஒரே ஒருவர், மாற்றாமல் எப்போதும் அதே ஆள், பாதுகாப்பு விதிகளோடு. மாஸ்டிரிக்ட் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் கூடவே இருந்து கவனித்தார்கள். அந்த முதல் வாரங்களில் இந்த இல்லங்களில் புதிய தொற்று எதுவும் பதிவாகவில்லை. உள்ளே இருந்தவர்களின் மனநிலை தேறியதை ஊழியர்களே சொன்னார்கள். வீதியில் தொற்று குறைந்திருந்த நேரத்தில் நடந்த சோதனை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதையே மூடின கதவைத் திறக்காமலிருக்கச் சாக்காக வைத்துக்கொள்ளவும் கூடாது, ஏனென்றால் தமிழ்நாட்டிலும் 2020 நவம்பர் முதல் 2021 பிப்ரவரி வரை தொற்று தணிந்திருந்த மாதங்கள் இருந்தன. சினிமாக் கொட்டகைகள் திறந்தன. தேர்தல் பிரசாரம் நடந்தது.

நம் பக்கத்துக் குடும்பத்தார் என்ன சொன்னார்கள் என்பதற்கு ஒரு நல்ல பதிவு இருக்கிறது. டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ மனநல அமைப்பு சென்னை அண்ணா நகர் மேற்கு விரிவில் இருக்கிறது. அதன் மறதி நோய்ப் பிரிவைச் சேர்ந்தவர்கள், டாக்டர் ஸ்ரீதர் வைத்தீஸ்வரன் தலைமையில், ஊரடங்குக் காலத்திலேயே 31 குடும்பப் பராமரிப்பாளர்களோடு தொலைவிலிருந்தபடியே விரிவாகப் பேசினார்கள். அந்த ஆய்வு 2020இலேயே அமெரிக்க முதியோர் மனநல மருத்துவ இதழில் வெளிவந்தது. குடும்பங்களின் துயரத்தை அது இரண்டு கட்டாகப் பிரித்துக் காட்டுகிறது. நோயாளியின் நடத்தை மாற்றங்கள், சிகிச்சையும் உதவியும் கிடைப்பதில் சிக்கல் என முன்பே இருந்து, தொற்றினால் மோசமானவை ஒரு கட்டு. தொற்றும் ஊரடங்கும் பராமரிப்பவர் மேலேயே இறக்கிய சுமை இன்னொரு கட்டு. இந்த இரண்டாவது கட்டைப் பற்றி நம் ஊரில் பேச்சே கிடையாது. நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்போம். பார்த்துக்கொள்கிறவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கிற வழக்கம் நம்மிடம் இல்லை.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்துக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. இங்கே வாழ்க்கை ஷிஃப்டில் ஓடுகிறது. ஏ ஷிஃப்ட் என்றால் விடிவதற்கு முன் கம்பெனி பஸ், பி ஷிஃப்ட் என்றால் நள்ளிரவு வீடு, சி ஷிஃப்ட் என்றால் பகல் தூக்கம். மறதி நோயுள்ள அப்பாவுக்கு ராத்திரி தூக்கமில்லை, பகலில் தூங்க மகனுக்கு வழியில்லை. கணவன் ஒரு கம்பெனி, மனைவி இன்னொரு கம்பெனி. கேஸ் அடுப்பைத் திறந்துவைத்துவிட்டு மறந்துபோனார், கதவைத் திறந்துகொண்டு ஹைவேஸ் பக்கம் நடந்துபோய்விட்டார் என்று இரண்டு சம்பவம் நடந்த பிறகு வேறு வழியில்லாமல்தான் ஒரு குடும்பம் இல்லத்தைத் தேடுகிறது. அதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிடும்: “பெத்தவங்களை ஹோம்ல தள்ளிட்டான்.” தள்ளிய மகன் வாராவாரம் ஓய்வு நாளில் போய் நகம் வெட்டுகிறார், சவரம் செய்துவிடுகிறார், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார் என்பது பேசுகிறவர்களுக்குத் தெரியாது. ஊரடங்கில் அந்த ஓய்வு நாளும் பறிபோனது. ஊர் சொன்னதுதான் சரியோ என்று அவருக்கே தோன்ற ஆரம்பித்தது அப்போதுதான்.

இன்னொரு கொடுமையையும் சொல்லாமல் விட முடியாது. பெற்றோரில் ஒருவர் கோவிடில் போய்விட்டார். மறதி நோயோடு இருக்கிற இன்னொருவர் இல்லத்தில் இருக்கிறார். இறுதிச் சடங்குக்கு இருபது பேர்தான் என்ற விதியில் அவரை அழைத்துவர முடியவில்லை. சொல்வதா? சொன்னால் அழுவார். மறுநாள் மறந்துவிட்டு “அவர் எங்கே, இன்னும் வரலை?” என்பார். மறுபடி சொன்னால் மறுபடி முதல் தடவை கேட்பதுபோல அழுவார். இதை நேரில் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வதே கஷ்டம். போனில், ஆயா ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்க, எப்படிச் சொல்வது? ‘வேலைக்குப் போயிருக்கார்’ என்று சொல்லிவைத்தவர்கள் உண்டு. அது பொய்தானே என்று உறுத்திக்கொண்டே இருந்தவர்களும் உண்டு. ‘அவர் நினைப்பு வந்துடுச்சாம்மா’ என்று கேட்டு, நினைவுகளைப் பேசவைத்து, பேச்சைத் திருப்புங்கள் என்று இந்த நோயைக் கையாள்கிற மருத்துவர்கள் சொல்வார்கள். அந்த யோசனையும் கூட உட்கார முடிந்தவருக்குத்தான் பயன்படும்.

சரி, இது எத்தனை பேருடைய பிரச்சினை? 2023இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும் நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். முதியோர் விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு இருக்கிறது. 2021 கணிப்பில் மாநில மக்களில் 13.6 விழுக்காடு 60 வயதைத் தாண்டியவர்கள். கேரளத்தின் குன்னங்குளத்தில் 1992இல் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற மறதி நோய் அமைப்பு 2010இல் எடுத்த கணக்கில், மறதி நோய்க்கென்றே தங்கிப் பராமரிக்கும் இல்லங்கள் நாடு முழுக்க ஆறுதான். அதற்குப் பிறகு பெருநகரங்களில் தனியார் இல்லங்கள் நிறையவே வந்திருக்கின்றன. மாதக் கட்டணம் அப்பரண்டிஸ் சம்பளத்தைத் தாண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், பெரிதாக எதுவும் சொல்லவில்லை. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், கவனிக்காத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை வாங்கித்தர வழி செய்கிறது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற 150 பேருக்கு இல்லம் வேண்டும் என்கிறது. கவனிக்கிற பிள்ளைக்கு என்ன உரிமை என்று அதில் ஒரு வரி கிடையாது. இல்லங்களைப் பதிவு செய்வது, குறைந்தபட்சத் தரம் விதிப்பது ஆகியவற்றைச் சேர்த்து 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது, சட்டமாகவில்லை. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முதியோர் இல்லப் பணியாளர்களுக்குப் பாதுகாப்பு உடையும் மாஸ்க்கும் கொடுக்கச் சொன்னது. உருப்படியான உத்தரவு. அந்தக் கவச உடையில் ஒன்றை மகளுக்கும் கொடுத்து உள்ளே விடலாம் என்பது யார் நினைவுக்கும் வரவில்லை. 14567 என்ற முதியோர் உதவி எண் 2021இல் வந்தது. தமிழ்நாட்டில் அதை ஹெல்ப்ஏஜ் இந்தியா நடத்துகிறது, இன்றைக்கும் அழைக்கலாம்.

தொழில் வட்டாரத்தின் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தியைத் தொடங்கியது 1998இல். அன்று 22 வயதில் உள்ளே போனவருக்கு இன்று ஐம்பது நெருங்குகிறது. அவருடைய அம்மாவுக்கு எழுபதுக்கு மேல். பத்து வருஷம் கழித்து இந்த அம்மாக்கள் எண்பதைத் தொடுவார்கள். இந்த வட்டாரத்தைத் திட்டமிடுகிறவர்கள் கண்ணில் படுவது இருபது வயது மட்டும்தான். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் பெரிய விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார், ஃபாக்ஸ்கான் தலைவரும் வந்திருந்தார். நல்ல காரியம். அந்தப் பெண்களும் ஒரு நாள் அம்மாவுக்கு ஓடிப்போக வேண்டியவர்கள்தான். அதற்கு இங்கே என்ன இருக்கிறது? சட்டப்படி இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு. பிரசவத்துக்கு 26 வாரம். தாய்க்குப் பணிவிடை செய்வதற்கென்று ஒரு நாள்கூடக் கிடையாது. ஈ.எஸ்.ஐ.யில் சார்ந்திருக்கும் பெற்றோருக்கு வைத்தியம் உண்டு, ஆனால் அது 21,000 ரூபாய்ச் சம்பளம் வரைதான். நீண்ட காலப் பராமரிப்புக்கு அதில் இடமில்லை.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. இந்த வட்டாரத்தில் ஆலை போட்ட பெரிய கம்பெனிகளில் பல எந்த நாட்டிலிருந்து வந்தவை? நிசான் ஜப்பான், ஹூண்டாயும் சாம்சங்கும் கொரியா, பாரத்பென்ஸ் லாரி செய்யும் டைம்லர் ஜெர்மனி. நீண்ட காலப் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீட்டை ஜெர்மனி 1995இல் கொண்டுவந்தது, ஜப்பான் 2000இல், கொரியா 2008இல். ஜப்பானில் குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்கச் சட்டப்படி 93 நாள் விடுப்பு, அதைப் பிரித்தும் எடுக்கலாம். ஜெர்மனியில் திடீரென்று பராமரிப்பு ஏற்பாடு செய்ய வேண்டி வந்தால் பத்து நாள். கொரியாவிலும் குடும்பத்தைப் பராமரிக்க வருஷத்துக்குப் பத்து நாள். கொரோனா வந்ததும் 2020இல் ஜெர்மனியும் கொரியாவும் அந்தப் பத்தைத் தற்காலிகமாக இருபது ஆக்கின. அந்தக் கம்பெனிகளோடு கைசன், 5எஸ் என்ற ஆலை நடைமுறைகள் வந்தன, காலை ஷிஃப்ட் தொடங்குமுன் உடற்பயிற்சி வந்தது. ஷூ லேஸ் கட்டுகிற விதம் வரை கற்றுக்கொடுத்தார்கள். இந்த விடுப்பு மட்டும் கப்பலில் ஏறவில்லை. கம்பெனிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாம் கேட்கவுமில்லை, இங்கே சட்டமும் இல்லை.

கேட்ட இடத்தில் கிடைத்திருக்கிறது. இங்கிலாந்தில் நிக்கி ஜெரார்ட், ஜூலியா ஜோன்ஸ் என்ற இரு பெண்கள் 2014இல் ‘ஜான்ஸ் கேம்பெய்ன்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். மறதி நோயோடு ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்த ஜெரார்டின் தந்தையைக் குடும்பத்தார் நினைத்தபோது போய்ப் பார்க்க முடியவில்லை. நடந்து உள்ளே போனவர் நடக்க முடியாதவராக வீடு திரும்பினார், அந்த நவம்பரில் இறந்துபோனார். அவர் பெயரில்தான் இயக்கம். கொரோனாக் காலத்தில் அவர்கள் அரசாங்கத்தின் மேல் வழக்கு வரை போனார்கள். 2021 மார்ச் 8 முதல் இல்லத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்த ஒரு பார்வையாளர் உள்ளே வரலாம் என்றானது. அதே ஆண்டில், நோய் பரவும் நேரத்திலும் வரக்கூடிய ‘இன்றியமையாப் பராமரிப்பாளர்’ என்ற இடமும் குடும்பத்தாருக்குக் கிடைத்தது. 2024 ஏப்ரல் 6 அன்று, தக்க காரணம் இல்லாமல் பார்வையாளரைத் தடுக்கக் கூடாது என்பது பராமரிப்பு இல்லங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் விதியாகவே வந்துவிட்டது.

இங்கே செய்ய வேண்டியதற்குப் பெரிய செலவில்லை. இல்லத்தில் சேர்க்கும்போதே ஒருவர் பெயரை எழுதி வாங்க வேண்டும். அவர் வர முடியாவிட்டால் மாற்று ஆள் ஒருவர். அவருக்கு ஆயாவுக்குக் கொடுக்கிற அதே பயிற்சி, அதே பரிசோதனை, அதே தடுப்பூசி, அதே கவச உடை. ஆயாவுக்கு எந்த விதியோ அவருக்கும் அதுதான், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். பதிலுக்கு அவர் கேஸ் ஷீட்டோடு ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பார்: எந்த ரசம், எந்தத் தட்டு, என்ன சொன்னால் சாப்பிடுவார், எந்தப் பாட்டுக்கு அடங்குவார், கோபம் வந்தால் எந்த மொழியில் பேசுவார். காஞ்சிபுரம் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ சௌராஷ்டிரமோ பேசுகிற குடும்பங்கள் ஏராளம். மறதி நோய் முற்ற முற்றப் பின்னால் கற்ற மொழி முதலில் விட்டுப்போகலாம். ஜார்க்கண்டிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வேலைக்கு வந்த பெண்ணுக்கு அந்த ஒரு பக்கம் பெரிய உதவி. மறுபடி ஒரு ஊரடங்கு வந்தால் மாவட்ட நிர்வாகம் கொடுக்கும் பாஸில் இந்தப் பெயர் குறித்தவருக்கும் ஒரு கட்டம் வேண்டும். லைனுக்கு ஆள் அனுப்பக் கம்பெனி பஸ்ஸுக்குக் கொடுத்தார்களே, அதைப்போல.

விடுப்பைச் சங்கங்கள்தான் கேட்க வேண்டும். இந்த வட்டாரத்தில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறையோ நாலு வருஷத்துக்கு ஒருமுறையோ ஊதிய ஒப்பந்தம் போடுகிறார்கள். போனஸ், இன்சென்டிவ், கேன்டீன், பஸ் வழித்தடம், பெற்றோருக்கு மெடிக்ளெய்ம் எல்லாம் கோரிக்கைப் பட்டியலில் ஏறுகின்றன. அதிலேயே பத்து நாள் பெற்றோர் பராமரிப்பு விடுப்பு, அரை நாளாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேரலாம். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும், அவர் வீட்டிலும் அம்மா இருக்கிறார். இல்லங்களும் தங்கள் பார்வை நேரத்தை மாற்ற வேண்டியிருக்கும். காலை பத்து முதல் பன்னிரண்டு என்று எழுதிவைத்தால் ஏ ஷிஃப்ட்காரர் எப்போதுமே வர முடியாது, சி ஷிஃப்ட் முடித்தவர் நாற்காலியிலேயே தூங்கிப்போவார். மாலை நாலரைக்கு மேல் ஒரு மணி நேரம், பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணி நேரம் என்று இரண்டாகப் பிரித்தால் மூன்று ஷிஃப்டுக்கும் இடம் கிடைக்கும்.